கதவும் யன்னலும் கடைசிச் செலவல்ல

இடம்பெயர்ந்து, முகாமிலும் உறவினர் வளவிலும் ஆண்டுக்கணக்காக இருந்துவிட்டுச் சொந்தக் காணியில் கல்வீடு எழுப்பும் குடும்பங்களிடம் நாம் ஒரு விடயத்தை வலியுறுத்த விரும்புகிறோம். கதவையும் யன்னலையும் அத்திவாரம் போடும்போதே தீர்மானியுங்கள். கூரை போட்ட பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

வடக்கு கிழக்கில் 2012 இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா, வேலை முன்னேறும் அளவுக்கேற்பக் கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. இத்தகைய உதவிகளில் சுவரோடும் கூரையோடும் காசு முடிந்துவிட, யன்னல் துவாரத்தை உரப்பையால் மறைத்துக் குடியிருப்போரும் உண்டு. கதவில்லாத வீட்டில் குமர்ப்பிள்ளைகளை விட்டுவிட்டுத் தாய் எப்படி வயலுக்குப் போவாள்? நெல்மூட்டைக்கு யார் காவல்? மிச்ச வேலையை முடிக்க நகை அடகுக்குப் போகிறது.

மறுபுறம், வெளிநாட்டு உறவினர் அனுப்பும் படங்களைப் பார்த்து இரட்டைக் கண்ணாடி யன்னலுக்கு ஆசைப்படுவோரும் உளர். கனடாவிலும் ஐரோப்பாவிலும் அது தேவையானதே. இரு கண்ணாடிகளுக்கும் இடையில் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால் குளிர்காலத்தில் வீட்டினுள் உள்ள சூடு வெளியே போவது குறைகிறது. குளிரூட்டி பூட்டிய வீட்டிலும் அது உதவும். ஆனால் பகல் முழுதும் திறந்திருக்க வேண்டிய எமது யன்னலில் கண்ணாடி ஒன்றானால் என்ன, இரண்டானால் என்ன? எமக்கு வேண்டியவை காற்றோட்டமும் நிழலுமே.

வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். தெற்குச் சுவரில் ஒரு யன்னலும் அதற்கு நேரே வடக்குச் சுவரில் இன்னொன்றும் வைத்தால், வந்த காற்று வெளியேற வழியிருக்கும். மேற்குச் சுவரில் மாலை வெயில் நேராக அடிக்கும். அங்கே யன்னல் சிறிதாகவும் தாழ்வாரம் அகலமாகவும் இருக்கட்டும். வடக்கு, கிழக்குப் பக்கத் தாழ்வாரம் வாடைக்கால மழைச்சாரலைத் தடுக்கும்.

நிலைக்கு முதிரை, பாலை போன்ற வைரமரம் சிறந்தது. விலை கட்டாவிட்டால் நன்கு முற்றிய வேம்பு போதும். பச்சை மரத்தில் செய்த கதவு காயும்போது வளைந்து, பூட்ட முடியாமற் போகும். ஆதலால் மரத்தை முன்கூட்டியே அரிந்து, நிழலில் அடுக்கிக் காயவிட வேண்டும். அத்திவாரம் போடும்போதே தீர்மானியுங்கள் என்று நாம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மரம் தறிக்கவும் ஏற்றவும் என்ன அனுமதி வேண்டும் என்பதைக் கிராம அலுவலரிடம் முதலிலேயே கேட்டறியுங்கள்.

காசு போதாதென்றால், முன்கதவையும் பின்கதவையும் முதலில் உறுதியாகச் செய்யுங்கள். யன்னலுக்கு இரும்புக் கம்பியும் பலகைக் கதவும் போட்டு, நுளம்புவலை அடியுங்கள். கண்ணாடி பிறகு வரட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உதவி வழங்கும் நிறுவனங்களிடமும் எமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கதவு யன்னலுக்கென ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கி, மரம் காய அவகாசம் இருக்கும்படி முற்கூட்டியே கொடுங்கள். பூட்ட முடியாத வீட்டைக் கட்டி முடிந்த வீடென்று கணக்கில் எழுதாதீர்கள்.