கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்!

தபால் தலை சேர்க்கும் பிள்ளைகளை எல்லோருக்கும் தெரியும். ஆனால் தபால் தலையே இல்லாத பழைய கடிதங்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள்!

"தலை இல்லாத தபாலில் சேர்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்கத் தோன்றும்.

முத்திரை இருக்கிறது. வெறும் மை முத்திரைதான். ஆனால் அந்த மைக்குள் ஒரு காலமே அடங்கிக் கிடக்கிறது.

உலகின் முதல் ஒட்டும் தபால் தலை 1840-ம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில் வெளிவந்தது. இந்தியாவில் சிந்து மாகாணத்துக்கு மட்டும் 1852-ல் தபால் தலை வந்தது. நாடு முழுவதற்கும் வந்தது 1854-ல்.

அதற்கு முன் கடிதமே போகவில்லையா? போயிற்று. கல்கத்தாவில் 1774-ல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் பொதுமக்களுக்கும் தபால் வசதி கிடைத்தது. சென்னையில் 1786-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி பெரிய தபால் ஆபீஸ் ஏற்பட்டது. பம்பாயில் 1794-ல் ஏற்பட்டது. ஓட்டக்காரர்கள் தபால் பையைத் தோளில் சுமந்து, காட்டிலும் மேட்டிலும் ஓடினார்கள்.

சிவப்பும் கறுப்பும்

கடிதத்துக்குப் பணம் கட்டியாயிற்றா, இல்லையா? அதைச் சொல்வதற்குத்தான் முத்திரை. தபால் குமாஸ்தா அதை மையில் தொட்டுக் கையால் குத்துவார். ஊரின் பெயர் ஒரு முத்திரையில் இருக்கும். "போஸ்ட் பெய்டு" என்று இருந்தால், அனுப்பியவர் பணம் கட்டிவிட்டார். "பேரிங்" என்று இருந்தால், வாங்குகிறவர் கட்ட வேண்டும். பொதுவாக, பணம் கட்டிய கடிதத்துக்குச் சிவப்பு மை. கட்டாத கடிதத்துக்குக் கறுப்பு மை.

தேதி முத்திரை இதற்கெல்லாம் மூத்தது. 1661-ல் இங்கிலாந்துத் தபால் தலைவர் ஹென்றி பிஷப் அதைக் கொண்டுவந்தார். சிறிய வட்டம், அதற்குள் நாளும் மாதமும். கடிதத்தை ஊழியர்கள் தாமதப்படுத்தாமல் இருக்க அவர் செய்த ஏற்பாடு அது.

ஒரு ரூபாய்க் கடிதம்

கட்டணம் எவ்வளவு தெரியுமா? கும்பினி ஆட்சியில் 1837-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு தோலா எடையுள்ள கடிதம் அனுப்ப ஒரு ரூபாய்! தூரம் கூடக் கூடக் கூலியும் கூடும். 1854-ல் இந்த முறை ஒழிந்தது. நாட்டில் எந்த ஊருக்கும் ஒரே கட்டணம் என்று ஆயிற்று. கால் தோலாவுக்கு அரை அணா. ஒரு தோலாவுக்கு 2 அணா. ரூபாய்க்கு 16 அணா என்ற கணக்கில் பார்த்தால், அந்த ஒரு ரூபாய்க் கடிதத்தின் கூலி எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது!

இங்கிலாந்திலும் இதே கஷ்டம்தான். கவிஞர் கோல்ரிட்ஜ் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஒரு பெண், தன் அண்ணனிடமிருந்து வந்த கடிதத்தைப் பணம் இல்லை என்று திருப்பிக் கொடுத்தாளாம். கவிஞர் இரக்கப்பட்டுத் தாமே பணம் கட்டினார். பிரித்துப் பார்த்தால் வெறும் காகிதம்! அது வந்தாலே அண்ணன் சுகமாக இருக்கிறான் என்று அர்த்தமாம். கதை கதையாகவே இருக்கட்டும். ஆனால் அந்நாளில் ஏழைக்குக் கடிதம் எவ்வளவு எட்டாத பொருள் என்பதை அது காட்டுகிறது. கறுப்பு மையில் "பேரிங்" என்ற சொல்லைப் பார்க்கும்போது, இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வெட்டினால் என்ன ஆகும்?

முத்திரையை மட்டும் கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டிக்கொள்ளும் பழக்கம் சிலரிடம் உண்டு. இது பெரிய தவறு.

அந்நாளில் பெரும்பாலும் உறை கிடையாது. எழுதிய காகிதத்தையே மடித்து, அரக்கு வைத்து ஒட்டி, மேலே விலாசம் எழுதுவார்கள். கடிதமும் உறையும் ஒன்றுதான். ஒரு முத்திரை முன்பக்கம் இருக்கும். இன்னொன்று பின்பக்கம் இருக்கும். கூலித் தொகையைப் பேனாவால் ஓரத்தில் எழுதியிருப்பார்கள். இந்தியாவிலிருந்து கப்பலில் போன கடிதமானால், இங்கிலாந்துத் துறைமுகத்தில் "இந்தியா லெட்டர்" என்ற முத்திரையும் விழுந்திருக்கும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் கடிதம் எங்கே புறப்பட்டது, எந்த வழியில் போனது, யார் பணம் கட்டினார்கள் என்பது விளங்கும். வெட்டி எடுத்த துண்டு வாய் திறக்காது.

"வெள்ளைக்காரன் கடிதம் நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். எழுதியவர்களில் கும்பினி உத்தியோகஸ்தர்கள் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அதைச் சுமந்து ஓடிய கால்கள் யாருடையவை? நம்மவர்களுடையவை. அவர்களுடைய பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரு கடிதம் ஊர் ஊராகக் கடந்ததற்குச் சாட்சியாக நிற்பது இந்த முத்திரைகள்தான். அவர்கள் ஓட்டத்துக்கும் அதுவே சாட்சி.

ஆகவே, பழைய பெட்டியில் மடித்த கடிதம் அகப்பட்டால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வெட்ட வேண்டாம், கழுவ வேண்டாம், பசை தடவ வேண்டாம். ஈரமும் செல்லும் அணுகாத இடத்தில் முழுசாக வையுங்கள். யார் வீட்டில், எப்போது கிடைத்தது என்று தனிச் சீட்டில் எழுதி உடன் வையுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் போதும், இன்றைக்கே இந்த வேலையைத் தொடங்கிவிடலாம்.