தொண்டு என்றால் கூலி கேட்கக் கூடாதா?

மதுரை அழகர் விழாவில் குப்பை அள்ளுவது இறைத்தொண்டு, அதற்குத் தூய்மைப் பணியாளர்கள் கூடுதல் கூலி கேட்பது முறையா என்கிறார் நண்பர். தண்ணீர்ப் பந்தலில் மோர் குடித்துவிட்டுக் குவளையைத் தெருவில் வீசியவர்தான் இப்படிக் கேட்க முடியும்.

அழகர்கோவிலிலிருந்து கள்ளழகர் புறப்பட்டு, மூன்றுமாவடி எதிர்சேவை, தல்லாகுளம், வைகை, வண்டியூர் என்று போய் மலைக்குத் திரும்பும்வரை வழிநெடுக அன்னதான இலையும் நெகிழியும் குவிகின்றன. பட்டர் செய்வதும் தொண்டுதான். காவலர் வெயிலில் நிற்பதும் தொண்டுதான். அவர்கள் சம்பளத்தை உண்டியலில் போடச் சொல்வாரா நண்பர்? துடைப்பம் பிடித்தவரிடம் மட்டும்தான் புண்ணியக் கணக்கு பேசத் தோன்றுகிறது.

2022 ஏப்ரல் 16 அன்று வைகையில் அழகர் இறங்கியபோது நெரிசலில் இருவர் இறந்தனர். ஊரே பேசியது, நியாயம். ஐந்தே நாளில், மதுரை நேரு நகர் கழிவுநீரேற்று நிலையத்தில் மோட்டார் பழுதுபார்க்கப் போன ஒப்பந்தத் தொழிலாளர்கள் மூவர் விஷவாயுவில் மாண்டனர். பாதுகாப்புக் கருவியின்றிக் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்கக் கூடாதென்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்த மூவருக்கும் எந்தப் பந்தலில் மோர் ஊற்றினோம்?

மிகைநேர ஊதியம், கையுறை, காலணி, மாற்று விடுப்பு: அடுத்த சித்திரைக்குள் மாநகராட்சி இவற்றைத் தரட்டும். தொண்டு செய்ய ஆசையிருந்தால் நண்பர் துடைப்பத்தோடு வரலாம், கூலி கேட்காமல்.