எரியும் மேடையிலிருந்து குதித்த நோக்கியா: விழுந்தது யாருடைய கடலில்?

2011 பிப்ரவரி 11. லண்டனில் நோக்கியாவின் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீபன் எலாப்பும் மைக்ரோசாஃப்ட்டின் ஸ்டீவ் பால்மரும் ஒரே மேடையில் நின்றார்கள். இனி நோக்கியா ஸ்மார்ட்போன்களின் பிரதான இயங்குதளம் விண்டோஸ் போன்தான் என்று அறிவித்தார்கள். அன்று ஒரே நாளில் நோக்கியா பங்கின் விலை சுமார் 14 சதவீதம் சரிந்தது. ஃபின்லாந்தின் டாம்பெரே நகர அலுவலகத்தில் ஊழியர்கள் பலர் வேலை நேரம் முடியும் முன்பே கிளம்பி வெளியே போய்விட்டார்கள்.

‘ஐபோன் வந்தது, நோக்கியா தூங்கியது, காணாமல் போனது’ என்று இந்தக் கதையை மூன்று வரியில் முடித்துவிடுவது வழக்கம். அது பாதிக் கதைதான். அன்று நோக்கியாவின் கையில் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட, ஓப்பன் சோர்ஸ் இயங்குதளம் ஒன்று இருந்தது. கட்டி முடியப்போகும் சொந்த வீடு மாதிரி. அதைப் பாதியில் விட்டுவிட்டு, சாவி வேறொருவர் கையில் இருக்கும் வீட்டுக்கு வாடகைக்குப் போனது நோக்கியா. பழைய மென்பொருளைக் கைவிட்டதில் தப்பில்லை. திரும்பி வர வழி வைக்காமல் போனதுதான் தப்பு.

அப்படி என்னதான் வைத்திருந்தது நோக்கியா?

நோக்கியா என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சிம்பியன். பட்டன் போன் காலத்துக்காக எழுதப்பட்ட அது, தொடுதிரைக்கு வந்ததும் திணறியது. அதை மாற்றியே ஆக வேண்டும் என்பதில் நோக்கியாவுக்குள்ளேயே பலருக்குச் சந்தேகம் இல்லை.

மாற்றும் கையிலேயே இருந்தது. 2005-ல் வந்த நோக்கியா 770 என்ற சின்ன இணைய டேப்லெட்டில் ‘மேமோ’ என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடியது. 2009-ல் அதே மேமோ, என்900 என்ற முழு போனாக வளர்ந்தது. 2010 பிப்ரவரியில் இன்டெல் நிறுவனத்தின் ‘மோப்ளின்’ திட்டத்தோடு மேமோவை இணைத்து ‘மீகோ’ என்று பெயர் வைத்தார்கள். லினக்ஸ் அறக்கட்டளை அதை நடத்தியது. அதே மாதம் சிம்பியனின் நிரலும் திறந்துவிடப்பட்டது. 2008-லேயே நார்வேயின் டிரோல்டெக் நிறுவனத்தை வாங்கியதன் மூலம் ‘க்யூட்’ என்ற மென்பொருள் கட்டமைப்பும் நோக்கியாவிடம் வந்திருந்தது.

இந்த க்யூட்தான் முக்கியமான துருப்புச்சீட்டு. ஒரு செயலியை க்யூட்டில் எழுதினால், பழைய சிம்பியனிலும் ஓட வைக்கலாம், புது மீகோவிலும் ஓட வைக்கலாம். பழைய வாடிக்கையாளரை இழக்காமல் புது வீட்டுக்குக் கூட்டிப் போகும் பாலம் அது.

ஓப்பன் சோர்ஸ் என்றால் இலவசம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மூல நிரல் பொதுவில் இருக்கும். யாரும் எடுத்து, மாற்றி, திரும்ப வெளியிடலாம். எழுதிய நிறுவனம் கடையைச் சாத்தினாலும் நிரலை இன்னொருவர் தொடரலாம். மேமோவில் மூடிய பகுதிகளும் கொஞ்சம் இருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அடித்தளம் திறந்ததுதான்.

எரியும் மேடை

எலாப் மைக்ரோசாஃப்ட்டிலிருந்து வந்தவர். 2010 செப்டம்பரில் நோக்கியாவின் பொறுப்பை ஏற்றார். லண்டன் அறிவிப்புக்குச் சில நாள் முன்பு அவர் ஊழியர்களுக்கு எழுதிய கடிதம் வெளியே கசிந்தது. கடலுக்கு நடுவே எண்ணெய்க் கிணற்று மேடை தீப்பிடித்து எரிகிறது. அதில் நிற்பவன் உறைபனிக் கடலில் குதிக்கிறான். நோக்கியாவின் நிலைமையும் அதுதான் என்றார்.

அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. மீகோ தாமதமாகிக்கொண்டே போனது. சிம்பியன் குழுவுக்கும் மேமோ குழுவுக்கும் உள்ளேயே இழுபறி. நடுவழியில் அடிப்படைக் கருவிகளை மாற்றியதும், இன்டெல்லோடு சேர்ந்ததும் வேலையை இன்னும் இழுத்தடித்தன. 2011 முடிவதற்குள் ஒரே ஒரு மீகோ போன்தான் கடைக்கு வரக்கூடும் என்று அந்தக் கடிதமே புலம்பியது.

இத்தனைக்கும், மேடை நிஜமாகவே அந்த அளவுக்கு எரிந்ததா? 2010-ன் கடைசி மூன்று மாதத்தில் நோக்கியா விற்ற ஸ்மார்ட்போன்கள் 2.83 கோடி. அதே மூன்று மாதத்தில் ஆப்பிள் விற்ற ஐபோன்கள் 1.62 கோடி. ஆண்ட்ராய்டு அப்போதுதான் சிம்பியனைத் தாண்டியிருந்தது. காய்ச்சல் அடித்தது உண்மை. ஐசியுவில் இல்லை.

தீயை மூட்டியது அறிவிப்புதான் என்றுகூடச் சொல்லலாம். இன்னும் 15 கோடி சிம்பியன் போன்களை விற்கப்போவதாக நோக்கியா சொன்னது. அதே மூச்சில், சிம்பியனுக்கு எதிர்காலம் இல்லை என்றும் சொன்னது. நாளைக்கு மூடப்போகிற கடையில் யார் சீட்டு கட்டுவார்கள்? 2011-ன் முதல் காலாண்டில் 2.42 கோடியாக இருந்த ஸ்மார்ட்போன் விற்பனை, ஒரே வருடத்தில் 1.19 கோடியாகப் பாதியானது. விண்டோஸ் போனில் க்யூட் ஓடாது என்பதால் பாலமும் இடிந்தது. நோக்கியாவை நம்பிச் செயலி எழுதியவர்கள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. எப்படியும் முதலிலிருந்துதான் என்றால், கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கேதானே போவார்கள்? பலர் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் போனார்கள்.

எலாப்பை மைக்ரோசாஃப்ட் உள்ளே அனுப்பிய ஆள் என்று சொல்லும் சதிக்கதை இன்றுவரை சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் இல்லை. முடிவுக்கு ஒப்புதல் கொடுத்தது நோக்கியாவின் இயக்குநர் குழு. கூகுளோடும் பேசிப் பார்த்ததாக எலாப் பின்னர் சொன்னார். ஆண்ட்ராய்டுக்குப் போனால் கூட்டத்தில் ஒருவராகக் கரைந்துவிடுவோம் என்ற பயம் நோக்கியாவுக்கு இருந்தது. சாம்சங் தவிர மற்ற ஆண்ட்ராய்டு நிறுவனங்களுக்குப் பிறகு நடந்ததைப் பார்த்தால், அந்தப் பயம் ஒன்றும் அபத்தமில்லை.

வாடகை வீட்டின் விதிகள்

ஒப்பந்தப்படி மைக்ரோசாஃப்ட் காலாண்டுக்கு 25 கோடி டாலர் ஆதரவுத் தொகை கொடுத்தது. நோக்கியா மென்பொருளுக்கான உரிமத் தொகையை மைக்ரோசாஃப்ட்டுக்குக் கட்டியது. கணக்கில் பார்த்தால் லாபம் மாதிரித்தான் தெரியும். ஆனால் திரை எவ்வளவு பெரிதாக, எத்தனை பிக்சலோடு இருக்கலாம், எந்த சிப் போடலாம் என்பதெல்லாம் ரெட்மண்டில் முடிவாகும் விஷயங்கள் ஆகிவிட்டன.

கேமராவை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். 41 மெகாபிக்சல் ப்யூர்வியூ கேமராவை நோக்கியா 2012 பிப்ரவரியில் அறிமுகப்படுத்தியது. எதில் தெரியுமா? கைவிடப்பட்ட சிம்பியனில், 808 என்ற மாடலில். விண்டோஸ் போனில் அதே அளவு கேமரா வர 2013 ஜூலை ஆனது, லூமியா 1020-ல். தன்னிடம் இருந்த மிகச் சிறந்த சரக்கை, தானே செத்துப்போனதாக அறிவித்த கடையில் வைத்து விற்க வேண்டிய நிலை.

அதைவிட மோசமான அடி வாடிக்கையாளருக்கு விழுந்தது. அமெரிக்காவில் லூமியா 900 கடைக்கு வந்தது 2012 ஏப்ரலில். ஜூனில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் போன் 8-ஐ அறிவித்தது; ஏற்கெனவே விற்ற எந்த போனுக்கும் அது கிடைக்காது என்றும் சொன்னது. உள்ளே இருக்கும் கெர்னலே வேறு என்பது தொழில்நுட்பக் காரணம். இரண்டு மாதத்துக்கு முன் காசு கொடுத்து வாங்கியவருக்கு அந்தக் காரணம் எதற்கு? நோக்கியாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நிரல் அதனுடையது இல்லை.

இடையில் ஒரு மீகோ போன் வரத்தான் செய்தது. 2011 ஜூனில் சிங்கப்பூரில் அறிமுகமான என்9. முகப்பில் பட்டனே கிடையாது. விளிம்பிலிருந்து விரலால் தள்ளினால் செயலி மூடும். இன்று உங்கள் போனில் தினமும் நூறு தடவை செய்கிற அதே அசைவு. விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியில் நோக்கியா அதை விற்கவே இல்லை. சில மாதம் கழித்து கிட்டத்தட்ட அதே உடலுக்குள் விண்டோஸைப் போட்டு லூமியா 800 என்று இறக்கினார்கள்.

ஸ்ரீபெரும்புதூருக்கு என்ன ஆச்சு?

2013 செப்டம்பரில் நோக்கியா தன் போன் தொழிலையே மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்க ஒப்புக்கொண்டது. காப்புரிமை உரிமத்தையும் சேர்த்து 544 கோடி யூரோ. உலகம் முழுக்க இருந்த ஆலைகளில் பெரும்பாலானவை கைமாறின. ஸ்ரீபெரும்புதூர் ஆலை மாறவில்லை.

2006-ல் உற்பத்தி தொடங்கிய ஆலை அது. உச்சத்தில் சுமார் 8,000 பேருக்கு நேரடி வேலை. பெரும்பாலானோர் இளம் பெண்கள். அவர்கள் செய்தது அதிகமும் விலை குறைந்த சாதாரண போன்கள். விண்டோஸ் சண்டைக்கும் அவர்களுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆலையை முடக்கியது வரி வழக்கு. போனில் ஏற்றும் மென்பொருளுக்காக ஃபின்லாந்து தலைமையகத்துக்கு அனுப்பிய பணத்தில் வரி பிடித்தம் செய்யவில்லை என்று 2013-ல் வருமான வரித்துறை சுமார் 2,000 கோடி ரூபாய் கேட்டது. 2014-ல் மாநில வணிகவரித் துறை தனியாக 2,400 கோடி கேட்டது. சொத்துகள் முடக்கப்பட்டன. உச்ச நீதிமன்றத்திலும் நோக்கியாவுக்கு நிவாரணம் கிடைக்கவில்லை.

இதனால் ஆலை நடுத்தெருவில் நின்றது. சொந்தக்காரரான நோக்கியாவுக்குப் போன் தொழில் இல்லை. போன் தொழிலை வைத்திருந்த மைக்ரோசாஃப்ட்டுக்கு ஆலை சொந்தமில்லை. வெறும் ஒப்பந்தத்தில் வேலை வாங்கியது. ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் போனார்கள். மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தத்தை நிறுத்தியதும் 2014 நவம்பர் 1-ல் ஆலை மூடப்பட்டது. விண்டோஸால்தான் ஆலை மூடியது என்று சொன்னால் அது மிகை. ஆனால் நோக்கியா தொடர்ந்து போன் விற்கும் நிறுவனமாக இருந்திருந்தால், வழக்கை நடத்திக்கொண்டே ஆலையையும் ஓட்ட அதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். வருமான வரித் தகராறு 2018-ல் 20.2 கோடி யூரோவில் முடிந்தது. வேலை இழந்தவர்களுக்கு அதனால் எதுவும் திரும்பி வரவில்லை. ஆலை வளாகத்தை வாங்குவதாக சால்காம்ப் என்ற சார்ஜர் தயாரிப்பு நிறுவனம் 2019-ல் ஒப்புக்கொண்டது.

மிச்சம் இருப்பது எது?

2015-ல் மைக்ரோசாஃப்ட் இந்த முதலீட்டில் 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. 2020 ஜனவரியோடு விண்டோஸ் போன்களுக்கான கடைசி ஆதரவும் நின்றது. மூடிய நிரல் என்பதால் அதை எடுத்து நடத்த வெளியே யாருக்கும் வழியில்லை.

அப்போ திறந்த பக்கம் என்ன ஆச்சு? நோக்கியா 2012-ல் விற்ற க்யூட், இன்று கார் திரைகள் முதல் கணினி மென்பொருள்கள் வரை ஓடுகிறது. மீகோ குழுவிலிருந்து வெளியேறியவர்கள் ஃபின்லாந்தில் ‘யொல்லா’ தொடங்கி, மீகோவின் மிச்சத்திலிருந்து செயில்ஃபிஷ் இயங்குதளத்தை உருவாக்கினார்கள். 2009-ல் வந்த என்900-க்கு ‘மேமோ லெஸ்டே’ என்ற பெயரில் தன்னார்வலர்கள் இன்னமும் மென்பொருள் எழுதுகிறார்கள். சந்தைக் கணக்கில் இதெல்லாம் சில்லறைதான். மீகோவோடு போயிருந்தால் நோக்கியா ஜெயித்திருக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் தோற்றாலும் தோல்வி அதன் கையிலேயே இருந்திருக்கும்.

ஒரு வேடிக்கை: கைமாறும் கடைசி நேரத்தில், 2014 பிப்ரவரியில், நோக்கியாவே ஆண்ட்ராய்டின் திறந்த நிரலை எடுத்து நோக்கியா எக்ஸ் என்று ஒரு போன் விட்டது. மைக்ரோசாஃப்ட் அதை ஜூலையில் இழுத்து மூடியது.

திறந்த நிரல் எதற்கு உதவும் என்பதை 2019-ல் ஹுவாவே காட்டியது. அமெரிக்கத் தடை வந்ததும் பிளே ஸ்டோர், மேப்ஸ், ஜிமெயில் போன்ற கூகுளின் மூடிய சேவைகள் அதன் புதிய போன்களுக்குக் கிடைக்காமல் போயின. ஆண்ட்ராய்டின் திறந்த அடிப்படை நிரலை மட்டும் யாராலும் பிடுங்க முடியவில்லை. அதை வைத்துத்தான் தாக்குப்பிடித்தது.

அந்தத் திறந்த பகுதியிலும் இப்போது ஒரு மாற்றம். முன்பு ஆண்ட்ராய்டின் சில பகுதிகளை எழுதும்போதே பொதுவில் பார்க்க முடியும். 2025 மார்ச் முதல் எல்லா வேலையையும் கூகுள் உள்ளுக்குள்ளேயே செய்கிறது. நிரல் இன்னும் வெளிவருகிறது. பங்குதாரராக இருக்கும் போன் நிறுவனங்களுக்கு அது முன்கூட்டியே கிடைக்கும். மற்றவர்களுக்கு, கூகுள் வெளியிட்ட பிறகுதான்.