இடுப்பு வலியும் இரவல் வீரமும்

ஒரு சொத்தைப் பல்லைப் பிடுங்கவே, 'மரத்துப்போக ஊசி போட்டீர்களா?' என்று பத்துத் தரம் கேட்கிறான் ஆண்பிள்ளை. பிரசவ அறை வாசலில் மட்டும் அவனுக்கு எங்கிருந்தோ வீரம் வந்துவிடுகிறது: 'எங்க அம்மா ஊசி போட்டுக்கொண்டா எங்களைப் பெற்றாள்?'

1847இல் எடின்பரோவில் டாக்டர் சிம்சன் பிரசவத்துக்கு மயக்க மருந்து கொடுத்தபோது, வேதாகமத்தைக் காட்டி மறுத்தவர்கள் உண்டு. ஆதாமை உறங்க வைத்துத்தானே ஆண்டவர் விலா எலும்பை எடுத்தார் என்று அதே வேதாகமத்தைத் திருப்பிக் காட்டினார் அவர். 1853இல் விக்டோரியா ராணியே குளோரோஃபாரம் முகர்ந்து பிள்ளை பெற்றாள்.

இன்றைய எபிடியூரலில் மயக்கம்கூட இல்லை. முதுகில் செருகிய மெல்லிய குழாய் வழியே மருந்து போகிறது, நோவு தணிகிறது, தாய் விழித்திருக்கிறாள். இரத்த அழுத்தம் இறங்கக்கூடும். கவனித்துக்கொள்ள மருத்துவர் வேண்டும். அதையெல்லாம் அவளிடம் சொல்லட்டும். வேண்டுமா வேண்டாமா என்று அவள் சொல்லட்டும். வாசலில் நிற்பவனை யார் கேட்டார்கள்?