சிக்கனம் மக்களுக்கு, சம்பள உயர்வு தமக்கா? மத்திய வங்கியின் முடிவுக்கு எமது கண்டனம்

ஆசிரியர் சங்கச் செயற்குழு விடுக்கும் கண்டன அறிக்கை
2024 மார்ச்

இலங்கை மத்திய வங்கி 2024 முதல் 2026 வரையான கூட்டு ஒப்பந்தத்தின் கீழ், தன் பணியாளர்களின் சம்பளத்தைத் தரத்துக்குத் தரம் வேறுபட்டு ஏறத்தாழ 30 வீதத்திலிருந்து 80 வீதம் வரை உயர்த்தியிருக்கிறது. நாடு முழுவதும் சர்வதேச நாணய நிதியத்தின் நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ், செலவைக் குறை, வரியைக் கூட்டு என்ற கட்டளைக்குக் கீழ்ப்பட்டிருக்கும் வேளையில் எடுக்கப்பட்ட இந்த முடிவை எமது சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.

உழைக்கும் எவருக்கும் சம்பளம் கூடுவதை ஒரு தொழிற்சங்கம் எதிர்க்காது. கூட்டு ஒப்பந்தம் செய்துகொள்ளும் உரிமையையும் நாம் மதிக்கிறோம். மத்திய வங்கியின் சாதாரண ஊழியர் மீது எமக்குக் கோபமில்லை. சிக்கனத்தின் நியாயத்தை நாட்டுக்குப் போதித்த நிறுவனம், தன் முறை வந்தபோது அந்தச் சிக்கனத்திலிருந்து தன்னை விலக்கிக்கொண்டது என்பதே எமது குற்றச்சாட்டு.

2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நாடு இடைநிறுத்தியது. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்த்தப்பட்டது. 2022 மே மாதத்தில் 8 வீதமாக இருந்த வற் வரி 12 ஆகி, 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 வீதமானது. எரிபொருளும் சமையல் எரிவாயுவும்கூட அந்த வரிக்குள் வந்தன. 2024 தொடக்கத்தில் பணவீக்கம் ஏறத்தாழ 6 வீதத்துக்கு இறங்கிவிட்டது என்கிறார்கள். விலை ஏறும் வேகம் குறைந்ததே தவிர, ஏறிய விலை இறங்கவில்லை என்பது கடைக்குப் போகும் எல்லோருக்கும் தெரியும்.

இத்தனைக்கும் ஈடாக அரச ஊழியருக்குக் கிடைத்தது என்ன? வாழ்க்கைச் செலவுப் படியில் மாதம் 10,000 ரூபா. அதையும் ஒரே தடவையில் தர வழியில்லை என்று 2024 ஜனவரியில் பாதி, ஏப்ரலில் மீதி எனப் பிரித்தார்கள். ஆசிரியர், அதிபர் சம்பள முரண்பாடு 24 ஆண்டுகளாகத் தீராமல் கிடந்து, 2021 இல் பல மாதங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகிப் போராடிய பின்னரே அசைந்தது. அப்போதும் அம்முரண்பாட்டை ஆராய்ந்த சுபோதினி குழு பரிந்துரைத்த தொகையில் மூன்றில் ஒரு பங்குதான் கைக்கு வந்தது. எஞ்சிய இரண்டு பங்கைக் கேட்கும் போதெல்லாம் திறைசேரியில் பணமில்லை என்ற ஒரே பதிலே வருகிறது. வைத்தியர்களுக்கு உயர்த்திய படியைத் தமக்கும் கேட்டு வேலைநிறுத்தம் செய்த சுகாதார ஊழியர்களும் 2024 தொடக்கத்தில் இதே பதிலைத்தான் கேட்டார்கள். மலையகத் தோட்டத் தொழிலாளியோ 2021 இல் நிர்ணயித்த 1,000 ரூபா நாட்சம்பளத்திலேயே 2024 மார்ச் வரை மூன்று ஆண்டுகளாக நின்றார். 70 வீத உயர்வை அவருக்குக் கொடுத்தால் நாளொன்றுக்குக் கூடுவது 700 ரூபா. மாதம் மூன்று இலட்சம் ரூபா பெறும் ஓர் அதிகாரிக்கு அதே 70 வீதத்தைக் கொடுத்தால் மாதமொன்றுக்குக் கூடுவது 210,000 ரூபா. வீதக் கணக்கில் சமமாகத் தெரியும் உயர்வு, ரூபாக் கணக்கில் மேலே இருப்பவருக்கே அள்ளிக் கொடுக்கிறது.

எல்லாவற்றிலும் எம்மை வருத்துவது ஊழியர் சேமலாப நிதியின் கதை. 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அந்த நிதியின் பாதுகாவலர் மத்திய வங்கியே. 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் வங்கிகளின் முறிகள் விலக்கப்பட்டன. தொழிலாளியின் சேமிப்பு விலக்கப்படவில்லை. 2025 வரை 12 வீதம், அதன்பின் 9 வீதம் என வட்டி வரையறுக்கப்பட்ட நீண்டகால முறிகளாக அது மாற்றப்பட்டது. மறுத்திருந்தால் நிதியின் முறி வருமானத்தின் மீதான வரி 14 வீதத்திலிருந்து 30 வீதமாகியிருக்கும். ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணின் முதுமைக்காலப் பணத்தில் விட்டுக்கொடுப்பு அவசியம் என்று கண்டவர்கள், ஓர் ஆண்டுகூட முடிவதற்குள் தமது சம்பளத்தில் எந்த விட்டுக்கொடுப்புக்கும் இடமில்லை என்று கண்டிருக்கிறார்கள்.

வங்கியின் தரப்பில் சொல்லப்படும் நியாயங்களையும் பார்ப்போம்.

முதலாவது, சட்டம் அனுமதிக்கிறது என்பது. 2023 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த, அவ்வாண்டின் 16 ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் வங்கிக்கு நிருவாக, நிதிச் சுயாதீனம் வழங்கியிருக்கிறது. ஆனால் அரசியல்வாதியின் சொற்படி பணம் அச்சிடாமல் இருப்பதற்கும், வட்டி வீதத்தை அச்சமின்றித் தீர்மானிப்பதற்குமே அந்தச் சுயாதீனம் தரப்பட்டது. தமது சம்பளத்தைத் தாமே தீர்மானித்துவிட்டு எவருக்கும் கணக்குச் சொல்லாமல் இருப்பதற்கு அல்ல.

இரண்டாவது, திறைசேரியிடமிருந்து ஒரு சதமும் வாங்கவில்லை என்பது. மத்திய வங்கியின் வருமானத்தில் பெரும்பங்கு, அதன் கையிலுள்ள அரச பிணையங்களுக்குத் திறைசேரி கட்டும் வட்டியே. அந்த வட்டி மக்களின் வரியிலிருந்து வருகிறது. வங்கி ஈட்டும் இலாபமும் ஒதுக்கங்கள் போக அரசுக்கே சேரவேண்டியது. ஆகவே அது பொதுப்பணம்தான்.

மூன்றாவது, திறமையானவர்கள் வெளியேறுகிறார்கள், அவர்களைத் தக்கவைக்க வேண்டும் என்பது. இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கணித ஆசிரியரும் தாதியும் பொறியியலாளரும் வெளியேறவில்லையா? அவர்களைத் தக்கவைக்க அரசு சம்பளத்தைக் கூட்டவில்லை. 2022 ஜூனில் வெளியிட்ட சுற்றறிக்கை மூலம், ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு சென்று உழைத்துப் பணம் அனுப்பும்படி கதவைத் திறந்துவிட்டது. ஒரு துறையில் ஆள் போனால் சம்பள உயர்வு, மற்றத் துறையில் ஆள் போனால் வழியனுப்பு என்பது என்ன நீதி? பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க ஆளில்லாமல் போவது நாட்டுக்கு இழப்பில்லையா?

இன்னொன்றையும் நினைவூட்டுகிறோம். பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பானவர்கள் யார் என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பர் 14 அன்று தீர்ப்பளித்தபோது, பொறுப்பாளிகளாகக் கண்டவர்களில் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் இருவரும் அடங்கினர். 2022 ஏப்ரலுக்குப் பின் வந்த நிருவாகம் நிலைமையைச் சீர்செய்ய உழைத்ததை நாம் மறுக்கவில்லை. எனினும், நெருக்கடியில் தனக்கும் பங்கிருந்தது என்று நீதிமன்றம் கண்ட ஒரு நிறுவனம், அந்த நெருக்கடியின் சுமையை மற்ற எல்லோரையும் விட முந்திக்கொண்டு இறக்கிவைப்பது எந்த வகையிலும் பொருத்தமானதல்ல.

நாடாளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழு வங்கியின் அதிகாரிகளை அழைத்து விளக்கம் கேட்டிருப்பதை வரவேற்கிறோம். விளக்கத்தோடு இது முடிந்துவிடக் கூடாது. எமது கோரிக்கைகள் வருமாறு:

1. இச்சம்பள உயர்வு உடனடியாக நிறுத்திவைக்கப்பட்டு, வங்கிக்கு வெளியேயுள்ள சுயாதீனக் குழுவொன்றால் மீளாய்வு செய்யப்பட வேண்டும். கீழ்நிலை ஊழியருக்கு நியாயமான உயர்வு அதில் பாதுகாக்கப்பட வேண்டும்.

2. கூட்டு ஒப்பந்தமும், ஒவ்வொரு தரத்துக்கும் உரிய சம்பளம், படிகள், சலுகைகள் அனைத்தும் ரூபாவில் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும்.

3. சர்வதேச நாணய நிதியத்தின் நிகழ்ச்சித்திட்டம் நடைமுறையில் இருக்கும் வரை, எந்தவொரு பொது நிறுவனமும் தன் உயர் அதிகாரிகளின் சம்பளத்தை நாடாளுமன்றத்தின் அங்கீகாரமின்றி உயர்த்த முடியாதவாறு சட்ட ஏற்பாடு செய்யப்பட வேண்டும்.

4. ஊழியர் சேமலாப நிதியின் முதலீட்டு முடிவுகளில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு இடமளிக்கப்பட வேண்டும்.

5. ஆசிரியர், அதிபர்களுக்கு வழங்கப்படாமல் இருக்கும் மூன்றில் இரண்டு பங்குச் சம்பள உயர்வுக்குத் திகதி குறித்து எழுத்துமூல உறுதி தரப்பட வேண்டும்.

மத்திய வங்கியிலுள்ள எமது சகோதரத் தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு நியாயமாகச் சேரவேண்டியதை நாங்கள் பறிக்கக் கேட்கவில்லை. நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்ற எமது குரலோடு நீங்களும் சேருங்கள். எமது அங்கத்தவர்களே, இவ்வறிக்கையை ஒவ்வொரு பாடசாலையின் ஆசிரியர் அறையிலும் வாசித்து, பெற்றோரிடமும் எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் பகுதி நாடாளுமன்ற உறுப்பினர் இந்த விடயத்தில் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று நேரில் கேளுங்கள். பணமில்லை என்றால் எவருக்கும் இல்லை என்று சொல்லட்டும். இருக்கிறது என்றால் அதைப் பங்கிடும் இடத்தில் நாமும் இருக்க வேண்டும்.

செயற்குழுவின் சார்பில்,
தலைவர்
பொதுச் செயலாளர்