தேரையைக் கவ்வினா தேட வேண்டாம்... துடைங்க!

நாய் வளர்க்கிற ஃப்ரெண்ட்ஸ், கொஞ்சம் காதைக் கொடுங்க! கரும்பைத் தின்னும் வண்டுகளை ஒழிக்கணும்னு 1935-ல் ஹவாயிலிருந்து ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்கு ஒரு வகைப் பெரிய தேரையைக் கொண்டுபோனாங்க. வண்டு ஒழியலை, தேரைதான் கோடிக்கணக்கில் பெருகிடுச்சு. அதைக் கவ்வுற நாய்கள் பாடு திண்டாட்டம்!

தேரையின் கண்ணுக்குப் பின்னாடி புடைச்சிருக்கிற சுரப்பியில் பால் மாதிரி விஷம் இருக்கு. அது நாயின் ஈறு வழியா ஏறி இதயத்துடிப்பையே தடுமாற வைக்கும். வாயில் நுரை, சிவந்த ஈறு, தள்ளாட்டம், வலிப்பு... இதெல்லாம் அபாய மணி.

நம்ம ஊர் தேரைக்கும் அதே மாதிரி விஷச் சுரப்பி உண்டு பாஸ்! மழைக்கால ராத்திரியில் உங்க செல்லம் தேரையைக் கவ்விட்டா, வாய்க்குள்ள தண்ணியை ஊத்தாதீங்க, நுரையீரலுக்குப் போயிடும். ஈரத்துணியால ஈறையும் நாக்கையும் வெளிப்பக்கமா துடைங்க. துணியை அலசி அலசித் திரும்பவும் துடைங்க. வலிப்பு வந்துட்டா வாயில் கை வைக்காதீங்க. நேரா கால்நடை டாக்டர்கிட்ட ஓடுங்க. ‘காலையில பார்த்துக்கலாம்’னு மட்டும் தூங்கிடாதீங்க!

அப்புறம், தேரையை அடிக்காதீங்க. அது பூச்சி பிடிக்க வந்துச்சு. வம்புக்குப் போனது நம்ம ஆளுதான்!