வீட்டுக்குள் ஒரு கடல்!
மீன் வாங்கும் முன்பு யோசிக்க வேண்டியவை

தேவாரத்தில் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரியும். ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் தெரியும். கடல் தெரியாது. கடலைப் பார்க்க வேண்டும் என்றால், தேனி, மதுரை, ராமநாதபுரம் எல்லாம் தாண்டி மண்டபத்துக்குப் போக வேண்டும். 250 கிலோ மீட்டருக்கு மேல் பயணம்.

அப்படிப்பட்ட ஊரிலும் ஒரு பையனுக்குக் கடல் மீன் மேல் ஆசை வரலாம். 2003-ல் "பைண்டிங் நெமோ" என்ற படம் வந்தது. அதில் கதாநாயகனே ஒரு கோமாளி மீன்தான். ஆரஞ்சு உடம்பு, அதில் வெள்ளைப் பட்டை. "அந்த மீன் வேண்டும். பக்கத்தில் பவளப் பாறையும் வேண்டும்" என்று பையன் பிடிவாதம் பிடிக்கிறான்.

அப்பா என்ன செய்வார்? ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுவார். கண்ணாடித் தொட்டி, உப்பு, மீன் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி வருவார். ஒரு வாரத்துக்குள் மீன் செத்து மிதக்கும். பையன் அழுவான். அம்மா, "இந்தப் பணத்துக்குப் பள்ளிக்கூடப் பை வாங்கி இருக்கலாம்" என்பார்.

மீனிடம் குற்றம் இல்லை. வாங்கிய வரிசைதான் தப்பு.

பவளம் வேண்டாம்!

பட்டியல் எழுத உட்கார்ந்ததும், முதலில் பவளத்தை அடித்துவிட வேண்டும்.

பவளப் பாறை கல் அல்ல. சின்னஞ்சிறு பிராணிகள் லட்சக்கணக்கில் கூடி வாழ்ந்து, சுண்ணாம்பினால் கட்டிய வீடு அது. ஏலச் செடிக்கு மேலே மரநிழல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று மலையடிவாரத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியது இல்லை. கடலில் மீன் குஞ்சுக்குப் பவளம் அப்படி. ஒளிய இடமும் அதுதான். இரை கிடைக்கும் இடமும் அதுதான்.

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. அவற்றைச் சுற்றிலும் பவளம். தூத்துக்குடிப் பக்கம் பல ஆண்டுகளாகச் சுண்ணாம்புக்காகவும் கட்டிட வேலைக்காகவும் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்த சுவர் போயிற்று. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் மூழ்கிவிட்டன. மிச்சம் இருப்பதைக் காக்கவே, 1986-ல் அந்தப் பகுதி கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது.

2001-ல் பாறை கட்டும் பவளங்கள், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலியும் யானையும் இருக்கும் அட்டவணை அது. கடலில் எடுத்த பவளத்தை வாங்கினாலும், விற்றாலும், வீட்டில் வைத்தாலும் குற்றம். மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை கிடைக்கும். செத்துக் காய்ந்த பவளக் கட்டையும் இதில் அடங்கும். "அலங்காரத்துக்குத்தானே" என்று கடைக்காரர் நீட்டினாலும் தொடக் கூடாது.

இதனால் பையனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வீட்டுக்கு லாபம்தான். பவளத்தின் உடலுக்குள் ஒருவகைப் பாசி குடி இருக்கிறது. அதற்கு வெயில் போல வெளிச்சம் வேண்டும். ஆகவே விலை உயர்ந்த விளக்கு வேண்டும். தண்ணீர் கொஞ்சம் சூடானாலும் பவளம் அந்தப் பாசியைத் துப்பிவிட்டு வெளுத்துப் போகும். 2016-ல் மன்னார் வளைகுடாவிலேயே அப்படி வெளுத்து, ஒரு பகுதி மடிந்தது. தேவாரத்துச் சித்திரை வெயிலில் வீட்டுத் தொட்டியில் அதைக் காப்பாற்ற, தண்ணீரைக் குளிர வைக்கும் இயந்திரம் வேண்டும். அதன் விலை மீனைப்போலப் பல மடங்கு! பவளம் இல்லை என்றால் இந்த இரண்டு பெரிய செலவும் இல்லை. மீனுக்குச் சாதாரண விளக்கே போதும்.

எத்தனை பெரிய தொட்டி?

தொட்டி சிறிதாக இருந்தால் சுலபம் என்று நினைப்பது தவறு. சின்னச் சட்டியில் ஒரு சிட்டிகை உப்பு கூடினாலும் குழம்பு கரிக்கும். அண்டாவில் தெரியாது. தொட்டியும் அப்படித்தான்.

2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி முதல் தடவைக்குச் சரி. ஏறக்குறைய 125 லிட்டர் பிடிக்கும். தண்ணீர், கண்ணாடி, கல் எல்லாம் சேர்த்து 150 கிலோவைத் தாண்டும். பழைய ஸ்டூலில் வைத்தால் ஒரு நாள் தொட்டி தரையில் கிடக்கும். இரும்புச் சட்டத்தில் செய்த மேசை வேண்டும். வெயில் விழாத மூலையாகப் பார்த்து வைக்க வேண்டும்.

சமையல் உப்பு உதவாது. கடல் நீரில் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் கலந்து இருக்கின்றன. அவற்றையும் சேர்த்துத் தயாரித்த கடல் உப்புப் பொடி கடையில் கிடைக்கும். லிட்டருக்கு சுமார் 35 கிராம் கரைக்க வேண்டும். 120 லிட்டருக்கு 4 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே ஆகும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கலாம், ஆர்.ஓ. தண்ணீரே நல்லது. உப்பை அளக்க ஒரு கருவி கட்டாயம். நாக்கால் ருசி பார்ப்பது அளவு ஆகாது!

தண்ணீர் வற்றினால் நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்பு நீரை அல்ல. ரசம் கொதித்து வற்றினால் உப்பு எங்கும் போவது இல்லை. பாத்திரத்திலேயே தங்கி ரசம் கரிக்கிறது. அதே கணக்குதான்.

கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரர்கள்

மீனின் கழிவில் இருந்து அமோனியா என்ற விஷம் உண்டாகிறது. அதை ஒருவகைப் பாக்டீரியா இன்னொரு பொருளாக மாற்றும். அதுவும் விஷமே. வேறொரு பாக்டீரியா அதை அவ்வளவு தீங்கு இல்லாத நைட்ரேட் ஆக்கும். இந்த வேலைக்காரர்கள் வடிகட்டியிலும் கல் இடுக்குகளிலும் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். அவசரத்தில் வாங்கிய மீன் சாவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

ஆகவே துளை நிறைந்த செயற்கைக் கல், வடிகட்டி, தண்ணீரை அசைக்கும் சிறு பம்பு ஆகியவற்றை வைத்து, மீன் இல்லாமலே தொட்டியை ஓட விட வேண்டும். சிறிதளவு மீன் தீனியைத் தினமும் போட்டு வந்தால், அது அழுகி அமோனியா தரும், பாக்டீரியா வளரும். அமோனியா சோதனைப் புட்டி ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும். மீனைவிட அது முக்கியம். நுரை பிரிக்கும் கருவியை வாங்கச் சொல்வார்கள். இரண்டு சிறு மீனுக்கு அது இல்லாமலும் நடக்கும். வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினால் போதும்.

கோடையில் தொட்டிமேல் சிறு விசிறி வீசினால் இரண்டு மூன்று பாகை குறையும். மார்கழியில் மலைக்காற்று இறங்கும் இரவுகளில் தண்ணீர் 24 பாகைக்குக் கீழே போனால், சிறிய ஹீட்டர் வேண்டும்.

மின்சாரம் ஜாக்கிரதை!

உப்புத் தண்ணீரும் மின்சாரமும் ஒன்றை ஒன்று தொட்டால் ஆபத்து. வயர், பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி, பிறகு மேலே ஏறிப் பிளக்கில் சேர வேண்டும். வயர் வழியே ஒழுகும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும். மின்கசிவு ஏற்பட்டதும் தானே நிறுத்தும் சுவிட்சு வீட்டில் இல்லாவிட்டால், தொட்டி வாங்குவதை அந்த மாதம் தள்ளிப்போடலாம். குழந்தைகள் கை வைக்கும் இடம் அது. தண்ணீருக்குள் கை விடும் முன் எல்லாச் சுவிட்சையும் அணைக்க வேண்டும்.

மின்சாரம் போனால் தண்ணீர் அசையாது. மீனுக்குப் பிராணவாயு குறையும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று அலமாரியில் தயாராக இருக்கட்டும்.

மீன் எங்கே?

மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-ல் தொடங்கியது. முன்பு அதன் தலைமை அலுவலகம் மண்டபத்தில் இருந்தது. 1971-ல் தலைமை அலுவலகம் கொச்சிக்குப் போயிற்று. மண்டபம் கிளை ஆயிற்று. கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டை இட வைத்துக் குஞ்சு பொரிக்கும் வித்தையை அந்த நிலையத்தார் செய்து காட்டினார்கள். இப்படிப் பண்ணையில் பிறந்த மீன், தொட்டி வாழ்க்கைக்குப் பழகியது. தீனியைத் தயங்காமல் தின்னும். சென்னை கொளத்தூர்க் கடைகளிலும் சரி, வேறு எங்கும் சரி, "இது பண்ணையில் பிறந்ததா, கடலில் பிடித்ததா?" என்று கேட்டே வாங்க வேண்டும்.

கடலில் கோமாளி மீன் கடல் சாமந்திக்குள் ஒளிந்து வாழும். பண்ணை மீனுக்கு அது அவசியம் இல்லை. கவிழ்த்து வைத்த ஒரு சிறு மண்சட்டியே வீடு ஆகிவிடும். இந்த மீன் குஞ்சுகள் எல்லாம் வளர்ந்து முதலில் ஆணாகத்தான் இருக்கும். பிறகு ஜோடியில் பெரியது பெண்ணாக மாறிவிடும்! பையனுக்கு இந்தச் செய்தி ஒன்றே ஒரு மாதம் போதும்.

இரண்டு மீன். அதற்குமேல் வேண்டாம். வந்த அன்று பையைப் பிரிக்காமல் தொட்டி நீரில் கால் மணி நேரம் மிதக்க விட வேண்டும். பிறகு பையைத் திறந்து, தொட்டி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் ஊற்றி, அரை மணி நேரம் பழக்க வேண்டும். கடைசியில் மீனை மட்டும் வலையால் எடுத்து விட வேண்டும். பை நீரைத் தொட்டியில் கொட்டக் கூடாது. அன்று இரவு விளக்கு வேண்டாம். பையன் எத்தனை கெஞ்சினாலும், தீனியை மறுநாள் காலையில் போடலாம்.